ஏற்காட்டில் பாயில் விதி ஏன் பிசகுகிறது?

கேள்வி: ஏற்காட்டில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். 60 மில்லி சிரிஞ்சில் 40 மில்லி காற்றை அடைத்து, மேலே எடைக்கற்களை ஏற்றி பாயில் விதியைக் காட்டுகிறேன். அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கினால் விடை மாறக்கூடாது. ஆனால் எடை ஏற ஏறக் குறைகிறது. சேலத்தில் செய்தபோது சரியாகத்தான் வந்தது.

பதில்: சிரிஞ்சைச் சந்தேகிக்கும் முன், எடை தரும் அழுத்தத்தோடு கூட்டும் ஊரின் காற்றழுத்தத்துக்கு எந்த எண்ணைப் போட்டீர்கள் என்று பாருங்கள். புத்தகத்தில் உள்ள 101.3 கிலோபாஸ்கல் கடல்மட்டத்துக்கானது. சேலத்தில் சுமார் 98. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், அங்கே 85-தான்.

சிரிஞ்சின் 0 கோட்டிலிருந்து 50 கோடு வரை 9 செ.மீ. இருந்தால், உள்பரப்பு 50-ஐ 9-ஆல் வகுத்தது, அதாவது 5.55 சதுர செ.மீ. ஒரு கிலோ கல் அதன்மேல் 17.7 கிலோபாஸ்கல் கூட்டும். மூன்று கிலோவுக்கு ஏற்காட்டில் காற்று சுமார் 24.6 மில்லியாகச் சுருங்கும். 85 என்று போட்டால் பெருக்கற்பலன் தொடக்கத்திலும் முடிவிலும் 3,400-ஐ ஒட்டியே நிற்கும். 101.3 போட்டால் 4,052-இல் தொடங்கி 3,800-க்கு இறங்கிவிடும். சேலத்தில் இதே தவறு ஒரு சதவீத அளவுதான் என்பதால் கண்ணில் படவில்லை.

செல்போன் வானிலைச் செயலியைப் பார்த்து எண்ணை எடுக்காதீர்கள். பெரும்பாலும் கடல்மட்டத்துக்குத் திருத்திய அளவைத்தான் அது காட்டும்; ஏற்காட்டுக்கும் 1,010 மில்லிபார், அதாவது 101 கிலோபாஸ்கல் என்றே சொல்லும். அதைவிட நல்ல வழி இருக்கிறது: எடை தரும் அழுத்தத்தைக் கிடை அச்சிலும், கனஅளவின் தலைகீழியை (1-ஐக் கனஅளவால் வகுத்ததை) நெடு அச்சிலும் குறித்துக் கோடு போடச் சொல்லுங்கள். கோட்டை இடப்பக்கம் நீட்டினால் கிடை அச்சை −85 அருகே வெட்டும். ஊரின் காற்றழுத்தத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்குக் கேட்டால், விதியைச் சரிபார்ப்பதைவிட இதுதான் சுவையான பாடம்.

இனி சிரிஞ்சுக்கு வருவோம். ரப்பர் உராய்வுதான் பெரிய தொல்லை. உட்சுவரில் ஒரு துளி சிலிக்கோன் எண்ணெய் தடவுங்கள். ஒவ்வொரு எடைக்கும் தண்டை லேசாக அழுத்திவிட்டு ஓர் அளவு, லேசாக இழுத்துவிட்டு ஓர் அளவு எடுத்துச் சராசரி காணுங்கள். அமுக்கிய காற்று சூடாகும். ஒரு நிமிடம் பொறுத்துப் படியுங்கள், குழாயைக் கையால் பிடிக்காமல் தாங்கியில் மாட்டுங்கள். கடைசியில் எடைகளை இறக்கியதும் இதே சராசரி 40-க்குத் திரும்ப வேண்டும். 37-இல் நின்றால் முனையில் கசிவு. அடைப்பை மாற்றி முதலிலிருந்து செய்யுங்கள்.