சாதி, மதம் என்று ஊரைப் பிளக்கும் விஷயங்களை அன்பால் அணுக, சமயப் பணியாளர்களை எப்படித் தயார்செய்வது?

நாகப்பட்டினம் பக்கம் இளம் போதகர்கள், ஆலிம்கள் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள்), கோயில் பூசாரிகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பயிற்சி நடத்தும் சிறு குழுவில் இருக்கிறேன். எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான பணியாளர் என்று மேல்நாடுகளில் பட்டமே தருகிறார்கள். இங்கே அவரவர் அவரவர் கோயிலுக்கு. ஆனால் ஊரில் ஒன்று நடந்துவிட்டால் எல்லோரும் ஒரே திண்ணைக்குத்தான் வந்தாக வேண்டும்.

மத ஒற்றுமை பேசுவது எங்கள் பக்கம் சுலபம். நாகூர் தர்காவின் 131 அடி பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப்சிங் என்றால் எல்லார் முகமும் மலரும். கீழ்வெண்மணி என்றதும் அறை அடங்கிப்போகும். 1968 டிசம்பர் 25 இரவு தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அது மதச் சண்டை இல்லை. நெல் கூலியும் சாதியும். பயிற்சியை நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

காரணம், ஓர் ஐப்பசி மழையில் நான் பட்டது. தலித் மக்களின் தெற்குத் தெருவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். சுடுகாட்டுக்கு வயல் வழியாகப் போகணும், நடவு முடிந்த வயல், விடமாட்டோம் என்றார்கள் நிலக்காரர் பக்கத்தில். பாடை வாய்க்கால் கரையில் நிற்கிறது. வைக்கோல் பிரியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நான் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சகோதர அன்பு பற்றிப் பேச ஆரம்பித்தேன். இறந்தவரின் மகன் சொன்னார்: “ஐயா, பேச்சு அப்புறம். மொதல்ல ஒரு தோள் குடுங்க.” கொடுத்தேன். வாய்க்காலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் போனோம். அந்தக் கனம் இன்றைக்கும் தோளில் இருக்கிறது.

அதனால் பயிற்சிக்கு வருபவர்களை முதல் நாளே அப்படி ஒரு பாதையில் நடக்க வைக்கிறோம். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அரசு வரைபடமான புலப்படம் பார்க்கவும் கற்றுத்தருகிறோம். ஆக்கிரமித்த பாதை பல இடங்களில் புறம்போக்காகவே இருக்கும். பட்டியல் சாதியினருக்கு இடுகாட்டுக்கான பொது வழியை மற்ற சாதியார் மறிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் தெரிந்திருக்கணும். சட்டத்தை மறைத்துக்கொண்டு சமாதானம் பேசினால், எளியவன் வாயை அடைப்பதுதான் நடக்கும். அதை அன்பு என்று நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்று, வழி மறிப்பவர் வீட்டுக்கும் போகணும். கூட்டமாகப் போய் நிற்காமல், அவர் சாதிக்காரரான பூசாரியோ போதகரோ முன்னால் போகணும். தன் ஆட்களிடம் “இது தப்பு” என்று சொல்வதுதான் இருப்பதிலேயே கடினமான பாடம். அதைச் சொல்லிவிட்டு, அதே வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்கவும் தெரியணும்.

நான் சொன்ன ஊரில் பாதை இன்னும் கிடைக்கவில்லை. அறுப்பு முடியட்டும் என்றிருக்கிறார் நிலக்காரர். தை பிறந்ததும் ஒரு பூசாரி, ஒரு ஆலிம், ஒரு போதகர் மூவரும் மறுபடி அவர் வீட்டுக்குப் போகிறார்கள்.