கோத்தகிரிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை, மழையோ இல்லை

வானிலைத் துறையின் ஆரஞ்சு எச்சரிக்கையை நம்பி கேரட் அறுவடையை நிறுத்தினால் ஜூலையில் கோத்தகிரியில் துளிகூட விழவில்லை என்கிறீர்கள். எச்சரிக்கையின் நிறம் நீலகிரி மாவட்டம் முழுவதற்கும் ஒன்றுதான், சிக்கலே அங்கேதான். தென்மேற்குப் பருவமழையை மேற்கே இருக்கும் அவலாஞ்சி, கூடலூர், பந்தலூர் வாங்கிக்கொள்ளும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தொட்டபெட்டா மலைக்குக் கிழக்கே இருக்கும் உங்களுக்குச் சாரல் மிஞ்சினால் உண்டு.

அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' என்றிருந்தால் மாவட்டத்தின் மழை அளக்கும் நிலையங்களில் கால்பங்குக்குள்தான் என்று பொருள். 'கனமழை' என்பது 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை. அறுவடையன்று 3 மணி நேர முன்னறிவிப்பையும் பாருங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும், உங்கள் பக்கம் மழை குறைவு என்ற இந்தக் கணக்கு செல்லாது. வடகிழக்குப் பருவமழை நேராக உங்கள் சரிவில்தான் மோதும். ஆரஞ்சுக்குக் கீழ்ப்படியான மஞ்சள் எச்சரிக்கை என்றாலும் ஆளைச் சரிவில் இறக்காதீர்கள்.