வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்: சேலைன் போத்தலும் இரத்தப் பையும்

கேள்வி: வீதி விபத்தில் உறவினருக்குத் தொடையால் இரத்தம் கொட்டியது. இரத்த அமுக்கம் 85தான். அப்படியிருந்தும் ஆஸ்பத்திரியில் சேலைனை அளந்தளந்துதான் விட்டார்கள். கவனக்குறைவா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: இல்லை, அளந்ததுதான் சரி. ஆணத்தில் தண்ணீரைக் கூட்டினால் சட்டி நிறையும், உறைப்பு போய்விடும். சேலைனில் ஒட்சிசனைச் சுமக்கும் செங்குழியமும் இல்லை, இரத்தத்தை உறையவைக்கும் காரணிகளும் இல்லை. ஒரு லீற்றர் ஏற்றினால் சற்று நேரத்தில் கால்வாசிதான் நாளத்துக்குள் நிற்கும். அமுக்கம் சட்டென்று ஏறினால், காயவாயில் அப்போதுதான் பிடித்த கட்டி பெயர்ந்து மறுபடி ஓடும்.

எனவே வங்கியிலிருந்து இரத்தப் பை வரும்வரை 250 மி.லீ. வீதம் விட்டு, மணிக்கட்டில் நாடி தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள். மேலமுக்கம் (இரத்த அமுக்கத்தின் மேல் எண்) 80–90 போதும். தலையில் அடியென்றால் கதை வேறு: சுமார் 110ஐ விடக் குறையவிட்டால் மூளைக்கு இரத்தம் போதாது.

எதை ஏற்றினாலும் ஓட்டையை அடைப்பதே முதல் வேலை. துணியால் அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு 5–8 செ.மீ. மேலே, மூட்டில் படாமல் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதிவிடுங்கள். அம்புலன்ஸுக்கு 1990ஐ அழைப்பதும் அப்போதே.

கேள்வி: சாதாரண சேலைனா, ஹாட்மன் என்ற மற்ற உப்புத் திரவமா?
– தாதிய மாணவி, அக்கரைப்பற்று

பதில்: சேலைனில் குளோரைட் லீற்றருக்கு 154 மில்லிமோல், இரத்தத்தில் ஏறக்குறைய 100. லீற்றர் கணக்கில் போனால் இரத்தம் அமிலமாகும். குளிரும் சேர்ந்தால் உறைதல் குழம்பும். ஹாட்மனில் அது 111தான், ஆகவே பொதுவாக அதுவே மேல். ஆனால் அதிலுள்ள கல்சியம், இரத்தப் பையில் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டை முறித்துக் குழாய்க்குள் கட்டி பிடிக்கவைக்கும். இரண்டையும் ஒரே குழாயில் விடாதீர்கள். தலைக்காயத்துக்குச் சேலைனே நல்லது. 5% டெக்ஸ்ட்ரோஸ் (சீனித் திரவம்) இங்கே வேண்டவே வேண்டாம். ஸ்டார்ச் திரவங்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பெருமளவு இரத்தம் போனவருக்குச் பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி), சிறுதட்டு (உறைய உதவும் அணு), செங்குழியம் மூன்றையும் ஏறக்குறைய 1:1:1 ஆகக் கொடுப்பதே இன்றைய வழக்கம். 2015இல் வெளியான, 680 பேரைக் கொண்ட ப்ரொப்பர் ஆய்வில், செங்குழியம் இரு மடங்கான 1:1:2 உடன் ஒப்பிட்டபோது மொத்த இறப்பில் திட்டவட்டமான வேறுபாடு தெரியவில்லை. முதல் 24 மணித்தியாலத்தில் இரத்தப்போக்கால் இறந்தவர்கள் மட்டும் குறைவு. உறையவைத்த பிளாஸ்மா உருக அரை மணித்தியாலம்வரை எடுக்கும், ஆகவே நேரத்தோடு சொல்லிவைக்க வேண்டும். பைகளைச் சூடாக்கும் கருவி வழியே விடுங்கள். சிட்ரேட் கல்சியத்தைக் குறைப்பதால் அதையும் அளந்து கொடுங்கள்.

இரத்தக் கட்டி கரையாமல் காக்கும் ட்ரனெக்சாமிக் அமிலம் 1 கிராம் 10 நிமிடத்தில், அடுத்த 1 கிராம் 8 மணித்தியாலம் நீள மெதுவாக. காயம்பட்டு 3 மணித்தியாலம் கடந்தபின் தொடங்கினால் தீங்கே மிஞ்சும் என்று க்ராஷ்-2 ஆய்வு காட்டியது.

கேள்வி: இரத்தம் கொடுக்க ஆட்களோடு போனால் உடனே ஏற்றுவார்களா?
– வாசகர், அம்பாறை

பதில்: மாட்டார்கள். எச்.ஐ.வி., ஈரல் அழற்சி போன்றவற்றுக்குச் சோதித்த பிறகுதான். அன்றைக்கு ஏறுவது, யாரோ ஏற்கனவே கொடுத்து வங்கியில் இருக்கும் பை.