வீட்டில் செய்யும் ஆர்கன் கீபோர்டு: ஒயரிங் கேள்வி பதில்

கணினியில் கிராண்ட்ஆர்க், ஹாப்ட்வெர்க் போன்ற மென்பொருளை ஓடவிட்டு பைப் ஆர்கன் வாசிக்க, பழைய கட்டைகளுக்கு நாமே ஒயர் போடுவது பற்றி வந்த கேள்விகள் இவை.

மொத்தம் 61 கட்டை. ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் போர்டு (ஆர்டுயினோ போன்ற சிறு மின்னணுப் பலகை) வரை போக வேண்டுமா?

வேண்டாம். கட்டைகளை எட்டு எட்டாகப் பிரித்து மேட்ரிக்ஸாகக் கட்டினால் 8 + 8 = 16 ஒயரில் 64 கட்டை வரை அடங்கிவிடும். குழுவுக்கு ஒன்றாக எட்டு குழு ஒயர்; எல்லாக் குழுக்களிலும் ஒரே இடத்தில் வரும் கட்டைகளைச் சேர்க்கும் எட்டு வரிசை ஒயர். போர்டு ஒரு நேரத்தில் ஒரு குழுவின் ஒயரை மட்டும் பூஜ்ஜிய வோல்ட்டுக்கு இறக்கி, அந்தக் குழுவில் எவை அழுந்தியிருக்கின்றன என்று பார்த்துவிட்டு அடுத்த குழுவுக்குப் போகும். இறக்கியவுடனே படிக்காமல் சில மைக்ரோ விநாடி பொறுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

என் நண்பர் டயோடே போடவில்லை, நன்றாக வேலை செய்கிறது என்கிறார். அவசியம்தானா அண்ணா?

அவசியம் தம்பி. டயோடு மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும். ஒரு விரலில் மெட்டு வாசிக்கும்வரை வித்தியாசம் தெரியாது. ஆர்கனில் யாரும் அப்படி வாசிப்பதில்லையே. நான்கு குரல் கீர்த்தனை என்றாலே நான்கைந்து கட்டை ஒன்றாக அழுந்தியிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். முதல் குழுவில் சி முதல் ஜி வரை எட்டு கட்டை. இரண்டாவது குழு ஜி ஷார்ப்பில் தொடங்குகிறது. அதில் ஐந்தாவதாக வருவது மேல் சி. முதல் குழுவில் ஐந்தாவது ஈ. ஆக ஈயும் மேல் சியும் ஒரே வரிசை ஒயரில் இருக்கின்றன. இப்போது சி, ஈ, மேல் சி மூன்றையும் அழுத்துங்கள். இரண்டாவது குழுவைப் படிக்கும்போது மின்சாரம் மேல் சி வழியாக ஈக்குப் போய், அங்கிருந்து சி வழியாக முதல் வரிசைக்கே வந்துவிடும். போர்டுக்கு ஜி ஷார்ப் அழுந்தியதாகத் தெரியும். சேர்த்து ஜியையும் அழுத்தினால் மேலே டி ஷார்ப்பும் கேட்கும். சாதாரண சி மேஜர் கார்டிலேயே இப்படி என்றால் மற்றதை யோசித்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதி இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் உண்மையான ஜி ஷார்ப்பும் போர்டுக்கு இதே மாதிரிதான் தெரியும்.

கட்டைக்கு ஒரு 1என்4148 டயோடு போதும். மிக மலிவான பொருள். தயவுசெய்து இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

டயோடை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது?

மேலே சொன்ன முறையில், கருப்புக் கோடு உள்ள முனை குழு ஒயரைப் பார்த்து இருக்க வேண்டும். மற்ற முனை கட்டையின் காண்டாக்ட் வழியாக வரிசை ஒயருக்கு. வரிசைப் பின்களில் போர்டின் உள்ளேயே இருக்கும் புல்-அப்பை (கட்டை அழுந்தாதபோது பின்னை உயர் வோல்ட்டில் வைக்கும் ரெசிஸ்டர்) இயக்கிவிட்டால் தனி ரெசிஸ்டர் தேவையில்லை. எல்லா டயோடும் ஒரே திசையில் இருப்பதுதான் முக்கியம்.

கையில் ஆர்டுயினோ யூனோ இருக்கிறது. போதுமா சார்?

கட்டைகளைப் படிக்கப் போதும். ஆனால் கணினி அதை மிடி (இசைக் கருவிகள் நோட்டுகளைச் செய்தியாக அனுப்பும் முறை) கருவியாகப் பார்க்காது, வெறும் சீரியல் போர்ட்டாகத்தான் பார்க்கும். நடுவில் ஒரு மென்பொருள் வைத்துச் சமாளிக்கலாம். அதைவிட 32யு4 சிப் உள்ள லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ நல்லது. யுஎஸ்பியில் செருகியதும் மிடியாகவே தெரியும்படி அதற்கு நிரல் எழுதலாம். ப்ரோ மைக்ரோவில் 18 பின் கிடைக்கும். மேட்ரிக்ஸுக்கு 16 போனால் மீதி இரண்டு. அதில் ஒரு அனலாக் பின்னை ஸ்வெல் பெடலுக்கு (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெடல்) ஒதுக்கி வையுங்கள்.

பழைய எலக்ட்ரானிக் ஆர்கனின் கட்டைகள் கிடைத்தன. எல்லாக் காண்டாக்டும் ஒரே நீளமான கம்பியைத்தான் தொடுகின்றன. மேட்ரிக்ஸ் ஆகுமா?

அந்தப் பொதுக் கம்பியை எட்டுத் துண்டாக வெட்டினால்தான் ஆகும். நான் வெட்டச் சொல்ல மாட்டேன். கம்பியைக் கிரவுண்டில் இணைத்துவிட்டு, 74எச்சி165 ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (எட்டு உள்ளீடுகளைப் படித்து ஒரே ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சிப்) எட்டைத் தொடராகக் கட்டுங்கள். 64 உள்ளீடு கிடைக்கும், ஒவ்வொரு கட்டைக்கும் தனிப் பாதை என்பதால் டயோடும் வேண்டாம். ஆனால் இந்தச் சிப்பில் புல்-அப் கிடையாது. ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் நாம்தான் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் காண்டாக்டுகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள்.

சில நோட்டுகள் இரண்டு தடவை அடிக்கின்றன. சில, விரலை எடுத்த பிறகும் நிற்பதே இல்லை.

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். காண்டாக்ட் மூடும்போதும் திறக்கும்போதும் சில மில்லி விநாடி துள்ளும். பலர் 20 மில்லி விநாடி காத்திருந்து, நிலையானதும் நோட்டை அனுப்புகிறார்கள். அது வேண்டாம். ஒலி அட்டையின் தாமதத்தோடு இதுவும் சேர்ந்தால் விரலுக்குப் பின்னால் ஒலி இழுபடும். முதல் தொடுதலிலேயே அனுப்பிவிட்டு, அடுத்த 5 மில்லி விநாடி அந்தக் கட்டையைப் பார்க்காமல் விடுங்கள். அது முடிந்ததும் கட்டையின் உண்மை நிலையையும் கடைசியாக அனுப்பியதையும் கட்டாயம் ஒப்பிடுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டால், அந்த இடைவெளியில் விரலை எடுத்தது பதிவாகாமலே போகலாம். பியானோவில் ஒலி தானாக அடங்கிவிடும். ஆர்கனில் நோட்-ஆஃப் (நோட்டை நிறுத்தச் சொல்லும் மிடி செய்தி) வராத குழல் பாடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் விரல் எடுப்பதை அழுத்துவதற்குச் சமமாக மதித்து நிரல் எழுதுங்கள்.

என் கட்டைகளில் வேகம் அறிய இரண்டிரண்டு காண்டாக்ட் இருக்கின்றன. எதை எடுப்பது?

கட்டை கீழே போகும்போது முதலில் மூடுவதை எடுங்கள். ஆர்கன் கட்டையில் ஒலி சீக்கிரம், மேலேயே பிறக்கும். வேகம் தேவையில்லை. எல்லா நோட்டுக்கும் ஒரே மதிப்பு அனுப்பினால் சரி.

கால் பெடலுக்கும் இதே முறையா?

அதே மேட்ரிக்ஸ், அதே டயோடு. 32 பெடல் என்றால் 4 × 8. காண்டாக்டுக்குப் பதில் ரீட் சுவிட்சும் (காந்தம் அருகில் வந்தால் மூடும், கண்ணாடிக் குழாயில் அடைத்த சுவிட்ச்) பெடலில் ஒட்டிய சிறு காந்தமும் வையுங்கள், தூசி தொந்தரவு இல்லை. ரீட் சுவிட்சின் காலை வளைக்கும்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் கொறடால் பிடித்துக்கொண்டு வளையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி விரிசல் விடும். கைக் கட்டை, கால் கட்டை இரண்டுக்கும் முதல் சி மிடி எண் 36தான். வெவ்வேறு மிடி சானல் கொடுத்துவிடுங்கள்.

போர்டை இணைக்கும் முன் எதையாவது சோதிக்க வேண்டுமா?

மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பாருங்கள். ஒரு திசையில் சுமார் 0.6 வோல்ட் காட்ட வேண்டும், முனைகளை மாற்றிப் பிடித்தால் ஒன்றும் காட்டக் கூடாது. இரு திசையிலும் காட்டினால் டயோடு ஷார்ட், எதிலுமே காட்டாவிட்டால் சால்டரிங்கைப் பாருங்கள்.