மூத்திரம் அடைத்தால் பையின் தசைக்கு என்ன ஆகிறது?

அப்பாவுக்கு 68 வயது, ப்ராஸ்டேட் வீக்கம். ஸ்கேனில் சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருக்கிறது என்கிறார்கள். தசை தடித்தால் பலம்தானே?

ஆரம்பத்தில் பலம்தான். வீங்கிய ப்ராஸ்டேட் சுரப்பி சிறுநீர் போகும் வழியைக் குறுக்குவதால் பை முக்கித் தள்ளுகிறது, தசை பருக்கிறது. சாதாரணமாக ஆண்களுக்குச் சிறுநீர் கழிக்கும்போது பைக்குள் 40 முதல் 60 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் நீர் தரும் அளவு அழுத்தம் இருக்கும். அடைப்பு இருந்தால் 100-ஐத் தாண்டிவிடலாம். அந்த அழுத்தத்தில், சுவருக்குள் ஓடும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் நசுங்குகின்றன, அதாவது தசை அதிகம் உழைக்கிற அதே நேரத்தில்தான் அதற்கு ரத்தம் குறைகிறது. கழித்து முடித்ததும் ரத்தம் திரும்பப் பாய்கிறதே, அதுவும் முழு நிம்மதி இல்லை: அந்த நொடியில் உருவாகும் ஆக்சிஜன் கழிவுகள் செல்களைத் தாக்குகின்றன. முயல்களிடம் நடந்த ஆய்வுகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். தசையைவிட நரம்பு முனைகள்தான் முதலில் சாகும். வருடக்கணக்கில் இப்படியே போனால் தசை இழைகளுக்கு நடுவே கொலாஜன் என்ற விறைப்பான நார்ப்பொருள் படிந்து, பை விறைத்துப்போகும். அதனால் "தடித்திருக்கிறது" என்ற வரியைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள்.

அடைப்பு என்றால் வராமல்தானே இருக்க வேண்டும்? அவருக்கு ஏன் அவசரமாக முட்டிக்கொண்டு வருகிறது?

நரம்பு குறைந்த தசை அமைதியாக இருக்காது, தானாகத் துடிக்கும். போதாததற்கு முழுசாகக் காலியாகாத பை சீக்கிரமே நிரம்பிவிடும். இரவில் அதிகம் என்றால் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

சளி மாத்திரை போட்ட அன்று சுத்தமாக நின்றுவிட்டது. கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போட்டு 900 மில்லி எடுத்தார்கள், அப்புறம் ரத்தம் கலந்து வந்தது. குத்திவிட்டார்களா?

அப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இழுபட்டிருந்த சுவரில் அழுத்தம் திடீரென்று இறங்கும்போது நுண்குழாய்கள் கசியும், பெரும்பாலும் தானே நின்றுவிடும். கட்டியாக வந்தாலோ கதீட்டர் அடைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை பையின் கழுத்தை, அதாவது சிறுநீர் வெளியேறும் வாயை, இறுக்கும். இனி மருந்துக் கடையில் ப்ராஸ்டேட் இருப்பதைச் சொல்லாமல் எதுவும் வாங்காதீர்கள், தயவுசெய்து.

ஆபரேஷன் செய்தால் பை பழையபடி ஆகுமா?

எவ்வளவு நாள் விட்டுவைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. சீக்கிரம் அடைப்பை எடுத்தால் ரத்த ஓட்டமும் தசையும் நன்றாகவே தேறும், கொலாஜன் படிந்த இடம் தேறுவது கடினம். பையின் கழுத்தைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரையில் சில நாளிலேயே வேகம் கூடலாம், ஆனால் வேகத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், கழித்தபின் எவ்வளவு மீதி நிற்கிறது என்று ஸ்கேனில் கேளுங்கள். மீதி ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனாலோ, சிறுநீரகம் வீங்கியிருந்தாலோ, தீபாவளி முடியட்டும் என்று தள்ளாதீர்கள்.