பின்னொழுங்கையின் பழைய கழிவுநீர்க் குழாய்

கேள்வி: எங்கள் பதினான்கு வீடுகளின் மலசலகூடக் கழிவும் குளியலறை நீரும் பின்னொழுங்கையில் செல்லும் ஒரே குழாய் வழியாகப் பொதுத் தொட்டிக்குப் போகின்றன. அது 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுட்டமண் குழாய். மாரியில் மான்ஹோல் மூடிகளின் ஓரமாகக் கழிவு பொங்குகிறது. கோடையில் அடிக்கடி அடைக்கிறது. வீட்டுக்கு நேரான துண்டை அவரவரே மாற்றினால் செலவு குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியா? கிணற்று நீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா?
— வாசகி, வவுனியா

பதில்: அவரவர் துண்டை அவரவர் மாற்றும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். இந்தக் குழாயில் கழிவை நகர்த்துவது சரிவு ஒன்றுதான். பதினான்கு பேர் பதினான்கு மட்டங்களில் பதித்தால், தாழ்ந்துபோகும் ஒவ்வோர் இடத்திலும் கசடு தங்கி, புதிய குழாயே ஒரு வருடத்துக்குள் அடைத்துக்கொள்ளும்.

சுட்டமண் எளிதில் உக்குவதில்லை, கெட்டுப்போவது மூட்டுகளே. அந்தக் குழாய்கள் குறுகிய துண்டுகளாக வந்தவை என்பதால் மூட்டுகள் மிக அதிகம், அவற்றில் பூசிய சீமெந்தோ மண் சற்று அசைந்தாலே வெடித்துவிடும். வேம்பு, அரசு போன்ற மரங்களின் வேர்கள் ஈரத்தைத் தேடி அந்த வெடிப்புகளால் நுழைந்து உள்ளே சடைபோல் வளர்கின்றன. உங்கள் கோடைகால அடைப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம். மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது அதே வெடிப்புகளால் நீர் குழாய்க்குள் புகுகிறது. கூரைப் பீலியின் நீரையும் யாராவது இதற்குள் விட்டிருந்தால், பொங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை; முதலில் அந்த இணைப்புகளைத் துண்டியுங்கள், அதற்குச் செலவே இல்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது கோடைதான். அப்போது நீர்மட்டம் இறங்கிவிடுவதால் கழிவு வெளியே கசிந்து மண்ணுக்குள் போகிறது. வவுனியாவில் நம் கிணறுகள் கருங்கற்பாறைக்கு மேலுள்ள உக்கிய படையிலிருந்தே பெரும்பாலும் ஊறுகின்றன. அந்தப் படை தடிப்பானதன்று, ஆகவே கசியும் கழிவு கிணற்று நீரை எட்டக்கூடும். கொதிக்க வைப்பதால் கிருமிகள் சாகும், அதை நிறுத்த வேண்டாம். ஆனால் கழிவிலிருந்து வந்து நீரில் கரைந்திருக்கும் நைத்திரேற்று என்னும் உப்பு கொதித்தாலும் போகாது, குளோரின் இட்டாலும் போகாது. நீர் வற்றுமளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். ஆகவே, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி, கிருமிக்கும் நைத்திரேற்றுக்கும் சேர்த்துக் கிணற்று நீரைப் பரிசோதிப்பியுங்கள். முடிவு வரும்வரை குழந்தைக்கு வேறு நீர் பயன்படுத்துங்கள்.

பழைய குழாய்க்குள்ளேயே பிசின் ஊறிய உறையைச் செலுத்தி இறுக வைக்கும் முறை 1971இல் இலண்டனில் தொடங்கியது. தோண்ட முடியாத நகர வீதிகளுக்கு அது நல்ல வழி. உங்கள் குழாய் தாழ்ந்திருந்தால் உறையும் அந்தத் தாழ்விலேயே படியும். ஒழுங்கையைத் தோண்டுவதே மேல்.

தோண்டுமுன் மாநகர சபையின் அனுமதியைப் பெறுங்கள். தொட்டிக்குள் குழாய் நுழையும் மட்டத்தை அளந்து, அங்கிருந்து மேல்நோக்கி வேலையைத் தொடங்குங்கள். 160 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய்க்கு 100 அடிக்கு ஓர் அடி சரிவு தாராளமாகப் போதும். அடியில் கல்லில்லாத மணல் பரப்பி, அகன்ற வாய் மேட்டுப் பக்கம் பார்க்கும்படி பதியுங்கள். மண் மூடுமுன் கீழ் வாயை அடைத்து நீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பது கட்டாயம். மேசன் அவசரப்படுத்தினாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆடி, ஆவணியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் முடிக்கலாம்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். அடைப்பெடுக்க எந்தத் தொழிலாளியையும் மான்ஹோலுக்குள் இறங்க விடாதீர்கள். அங்கே தேங்கும் ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சு வாயு காற்றைவிடப் பாரமானது என்பதால் மூடியைத் திறந்து வைப்பதால் மட்டும் வெளியேறிவிடாது. செறிவு கூடும்போது மூக்கு அதன் மணத்தை உணரும் திறனையே இழக்கிறது. விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பவுசரை வரவழைத்து உறிஞ்சி எடுங்கள். மிஞ்சிய அடைப்பை மேலே நின்றபடியே கோலாலோ நீரைப் பீய்ச்சும் இயந்திரத்தாலோ நீக்கச் சொல்லுங்கள்.