எம்.எச்.370-க்குப் பிறகு விமானம் ஏறவே பயம், என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 58 வயது, கிள்ளானில் இருக்கிறேன். கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் கிளம்பிய மலேசிய விமானம் எம்.எச்.370 காணாமல் போன மாதம் முழுக்க டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து விமானம் ஏறவே இல்லை. மூன்று மாதத்தில் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் மகனுக்குப் பட்டமளிப்பு விழா. அதைத் தேடிய இந்தியப் பெருங்கடல் மேலேயே பறக்க வேண்டுமே என்று நினைத்தாலே கை வியர்த்துவிடுகிறது. போகலாமா?

பதில்: போகலாம் அம்மா. மூன்று மாதம் தாராளமாகப் போதும், ஆனால் இந்த வாரமே தொடங்க வேண்டும்.

முதலில் ஒன்று. உங்கள் பயம் விமானம் விழுந்துவிடுமோ என்பது மட்டுமில்லை என்று நினைக்கிறேன். விழுந்த விமானத்துக்கு ஓர் இடம் இருக்கும், ஒரு காரணம் கிடைக்கும், அழுது முடிக்க ஒரு நாள் வரும். இதில் எதுவுமே இல்லை. 2014 மார்ச் 8 அதிகாலை 1.19-க்கு விமானி அறையிலிருந்து 'குட் நைட்' என்று ஒரு குரல், இரண்டு நிமிடத்தில் ராடார் திரையில் இருந்த அடையாளம் காணோம், 239 பேர். அன்றைக்கு ஊரே என்ன செய்தது என்று உங்களுக்கே ஞாபகமிருக்கும். கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் சுவர் நிறையப் பிரார்த்தனைச் சீட்டுகள், தேங்காயும் மூங்கில் தூரநோக்கியுமாக வந்து நின்ற ஒரு போமோ (மலாய் மந்திரவாதி), வீட்டில் உட்கார்ந்தபடி சாட்டிலைட் படங்களில் வெள்ளைப் புள்ளி தேடிய உலகத்து ஜனங்கள். சிரித்தவர்கள் நிறையப் பேர், ஆனால் எல்லோரும் செய்தது ஒன்றுதான், முடிவு தெரியாததைத் தாங்க முடியாமல் கைக்கு வந்ததைச் செய்தார்கள். நீங்கள் டிவியை அணைக்காமல் இருந்ததும் அந்த ரகம்தான்.

நான் வேண்டுமானால் சமாதானம் சொல்வேன். தேடிய பகுதி பெர்த்துக்கு மேற்கே, தென்மேற்கே வெகு தூரம், உங்கள் விமானம் அந்தப் பக்கமே போகாது. 2018 நவம்பரிலிருந்து, பெரிய பயணிகள் விமானம் கடல் மேல் போகும்போது கால் மணிக்கு ஒரு தடவையாவது எங்கே இருக்கிறது என்று நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும் என்பது சர்வதேச விதி. இரண்டும் உண்மை, ஆனால் இரண்டு நாள்தான் தாங்கும். மூன்றாம் நாள் ராத்திரி மனசு புதிதாக ஒரு 'அப்படி ஆனால்?' கொண்டு வரும், நீங்கள் யூடியூபைத் திறப்பீர்கள். அதனால் முதல் வேலை, அந்த மர்ம வீடியோக்களை இன்றோடு நிறுத்துவது. ஒரு வீடியோகூட வேண்டாம்.

அடுத்தது, உடம்புக்குப் பழக்கம். ஒரு நாள் சும்மா கேஎல்ஐஏ போய், காபி குடித்துவிட்டு, விமானங்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருங்கள். பயம் ஏறும், ஏறட்டும், எழுந்து ஓடாமல் அது தானாக இறங்கும்வரை அங்கேயே இருப்பதுதான் மருந்து. இரண்டு மூன்று தடவை போன பிறகு பினாங்குக்கு ஒரு டிக்கெட் போடுங்கள், ஒரு மணி நேரம்தான்.

விமானத்தில் உங்களைப் பயமுறுத்தப் போவது பெரும்பாலும் கிளம்பிய முதல் சில நிமிடம். தரையை விட்டதும் காலடியில் 'டொக்' என்று கேட்கும், அது சக்கரம் உள்ளே மடங்குவது. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் குறைந்து கீழே இறங்குவது போலத் தோன்றும், விமானி இன்ஜின் விசையைக் குறைக்கிறார், விமானம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். இறக்கையை ஒட்டிய இருக்கை கேளுங்கள், ஆட்டம் அங்கே குறைவாகத் தெரியும். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். ஏறும்போதே பணிப்பெண்ணிடம் 'எனக்குப் பயம்' என்று சொல்லிவிடுங்கள், இதில் வெட்கம் என்ன.

தூக்க மாத்திரை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு ஏதாவது இருந்தால் முதலில் அவரைப் பாருங்கள். பினாங்கு டிக்கெட்டே போட முடியாமல் கை நடுங்கினால் ஒரு மனநல ஆலோசகர் கூட இருந்து இதையே படிப்படியாகச் செய்ய வைப்பார்.

அப்புறம், மகனிடம் 'நான் இறங்கும்வரை போனில் விமானத்தைப் பார்த்துக்கொண்டே இரு' என்று சொல்லாதீர்கள். இறங்குகிற நேரத்தைச் சொல்லுங்கள், வந்து கூட்டிக்கொண்டு போகட்டும்.